மலைப் பிள்ளைங்க நீச்சல் டீம்ல சேரலாமா? கேட்டீங்க, சொல்றேன்

குன்னூர்ல இருக்கேன், வருஷா வருஷம் கோடை லீவுல நம்ம மலைப் பிள்ளைங்கள கீழ கூட்டிட்டுப் போய் குளத்துல டீமா பழக்குறேன். நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் இதோ.

கோத்தகிரி அம்மா: மாஸ்டர், பாப்பாவுக்கு 7 வயசு, தண்ணினாலே பயப்படுறா. டீம்ல சேர்க்கலாமா?

தாராளமா சேருங்கம்மா. போன வருஷம் ஒரு பாப்பா மூணு நாள் குளத்து ஓரக் கம்பிய விடவே இல்ல, நானும் விடுன்னு சொல்லல, பக்கத்துலயே நின்னு வாய தண்ணிக்குள்ள வச்சு புளுபுளுன்னு குமிழி விட்டுக் காட்டிட்டே இருந்தேன், நாலாவது நாள் அவளே ஒரு கைய எடுத்தா, அப்புறம் என்னைப் பார்த்து சிரிச்சா பாருங்க, அதுக்காகத்தாம்மா நான் இந்த வேலை பார்க்குறேன். வீட்ல வெதுவெதுன்னு ஒரு வாளித் தண்ணில முகத்த வச்சு மூக்கு வழியா மூச்ச வெளிய விடப் பழக்குங்க, ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கணும். தூக்கிப் போட்டா தானா நீந்திக்கும்னு சொல்ற ஆள்கிட்ட மட்டும் விட்றாதீங்க.

ஊட்டிலருந்து ஒரு அண்ணா: கீழ எதுக்கு போகணும், இங்கயே ஏரி, பைக்காரா எல்லாம் இருக்கே?

வேண்டவே வேண்டாண்ணா. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, மே மாசத்துலயும் தண்ணி சில்லுனுதான் இருக்கும். போட்டிக் குளத்துலயே தண்ணி 25லருந்து 28 டிகிரி இருக்கணும்னு விதி. ஐஸ் மாதிரி தண்ணில திடீர்னு இறங்குனா உடம்பு தன்னால மூச்ச இழுக்கும், தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது அந்த ஒரு இழுப்பு வந்தா போதும், நல்லா நீந்துறவனும் முழுகிருவான். இதுல அடில சேறு வேற, பாறை வழுக்கல் வேற. குளத்துலயும் பிள்ளை உதடு நீலமாகி பல்லு தந்தியடிச்சா உடனே மேல ஏத்தி தொடச்சு விடுங்க, இன்னும் ஒரு ரவுண்டு ஒரு ரவுண்டுன்னு இழுக்காதீங்க.

குன்னூர் அக்கா: காட் ரோட்ல பையனுக்கு வாந்தி வருது, என்ன குடுத்து அனுப்புறது?

கிளம்பும்போது ஒரு வாழைப்பழம் போதும்க்கா, இட்லி எல்லாம் நீந்தி முடிச்சப்புறம். முன்சீட்ல உக்கார வைங்க. திரும்பும்போது ஈரத்தலையோட வண்டி ஏத்தாதீங்க, காட் ரோட்டு வழில வர்ற பர்லியார் ஊர் தாண்டி மேல ஏற ஏற குளிரும், குல்லா ஸ்வெட்டர் பைல இருக்கட்டும்.

கூடலூர்லருந்து ஒரு அப்பா: பையன் ப்ரீஸ்டைல் நல்லா போடுறான், போட்டிக்கு அது போதுங்களா?

ஆரம்பத்துக்கு போதுங்க, ஆனா நாலு நீச்சல் முறையையும் பழகட்டும். தனி மெட்லில, அதாவது ஒரே ஆளு நாலையும் நீந்துற போட்டில, பட்டர்ஃப்ளை, பேக் (மல்லாந்து நீந்துறது), ப்ரெஸ்ட், ப்ரீன்னு வரிசை, நாலு பேர் ஆளுக்கு ஒண்ணா நீந்துற மெட்லி ரிலேல மட்டும் பேக்ஸ்ட்ரோக் முதல்ல, ஏன்னா அது தண்ணிக்குள்ள இருந்து கிளம்புறது, நடுவுல வந்தா சுவர் தொட வர்றவனுக்கு இடைஞ்சல். ப்ரெஸ்ட்லயும் பட்டர்ஃப்ளைலயும் ரெண்டு கையும் ஒண்ணா சுவரத் தொடணும், ஒரு கை வச்சா டிஸ்குவாலிஃபை. முதல்ல வந்துட்டு இதுல போன பையன் துண்டுக்குள்ள முகத்த வச்சு அழுதத பார்த்திருக்கேன், அதனால இத மொத நாள்லருந்தே பழக்கிருங்க. பேக்ஸ்ட்ரோக்குக்கு மேல கொடி கட்டிருப்பாங்க, அதுலருந்து சுவர் 5 மீட்டர், எத்தன கை போட்டா சுவர் வருதுன்னு எண்ணி வச்சுக்கட்டும், தலை இடிக்காது.

அருவங்காடு அக்கா: மத்தியான மழைல பயிற்சி நடந்தா விடலாமா?

வெறும் தூறல்னா பரவால்ல. இடி ஒண்ணு கேட்டாலும் உடனே வெளிய, கடைசி இடிக்கப்புறம் 30 நிமிஷம் ஆகணும். கோச் பரவால்லன்னு சொன்னாலும் நீங்க பிள்ளைய கூட்டிட்டு வந்துருங்க.