இரண்டாவதாக வந்தவரிடம் முதலில் சொல்லுங்கள்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் எனக்கு ஊர். வயது 26. மலைச் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறேன். மூன்று வருஷம் முன்பு ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். அதற்கு முன் ஜிம்மில் பழகிய ஒருவர் பேச்சைக் கேட்டு ஈபிஓ என்ற ஊக்கமருந்து ஊசி போட்டிருந்தேன். யாரும் சோதிக்கவில்லை. இரண்டாவதாக வந்த அண்ணன் பந்தயத்தையே விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். தூக்கமே வருவதில்லை. சொல்வதா, விடுவதா?
- பெயர் வேண்டாம்

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி. முதலில் திருப்பூர் அண்ணனிடம்.

பிரான்சின் ஜெரோம் ஷியோட்டி 1996-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் ஆனவர். எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. 2000-இல் தானாகவே ஒரு பத்திரிகையிடம் ஈபிஓ போட்டதை ஒப்புக்கொண்டார். பதக்கத்தையும், உலகச் சாம்பியனுக்குத் தரும் வானவில் ஜெர்சியையும், இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்து வீரர் தாமஸ் ஃபிரிஷ்க்னெக்டிடம் ஒப்படைத்தார். டென்மார்க்கின் மைக்கேல் ராஸ்முசன் 1999-இல் அதே பட்டத்தை வென்றவர். 1998 முதல் 2010 வரை ஊக்கமருந்து எடுத்ததாக அவர் சொன்னது 2013-இல்தான். அதற்குள் எத்தனை பேருடைய இடம் பறிபோயிருக்கும்!

ஈபிஓ டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தரும் மருந்து. ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும், ஆக்சிஜன் கூடுதலாகப் போகும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏறியவருக்குத் தெரியும், மூச்சு வாங்குகிற இடத்தில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று. அந்த அண்ணன் இத்தனை வருஷமும் தன் காலில்தான் தெம்பில்லை என்று நினைத்திருப்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போனில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். மற்ற நாளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து அலுத்து வருவார். “உங்க பரிசுங்ணா இது, நான் ஊசி போட்டு ஜெயிச்சேன்” என்று நேராகச் சொல்லுங்கள். எல்லாரும்தான் போடுகிறார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசுப் பணத்தை முழுசாகக் கொடுங்கள், கையில் இல்லாவிட்டால் தவணையாக.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவுக்கு எழுதுங்கள். பத்து வருஷம் வரை பழைய குற்றத்தையும் எடுக்கலாம். ஈபிஓவுக்கு வழக்கமாக நான்கு வருஷத் தடை. வேறு ஆதாரம் இல்லாத நிலையில் தானாக முன்வந்து சொன்னால் பாதி வரை குறைய வழியுண்டு. ஊசி கொடுத்தவர் பெயரையும் அதில் எழுதுங்கள். நாளைக்கு அதே ஆள் உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் வருவார்.

திருப்பூரிலிருந்து திரும்பிய ராத்திரியே அப்பாவிடம் பேசிவிடுங்கள். ஊர் வாய் வழியாக அவர் காதுக்குப் போகக் கூடாது. பயிற்சிக்குக் கூப்பிட்டவர்களிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். தடைக் காலத்தில் பயிற்சியாளராக இருக்கவும் விதி இடம் தராது. அது முடிந்த பிறகும் அவர்கள் கூப்பிட்டால், தாராளமாகப் போங்கள்.