ஏட்டுச் சுரைக்காயும் தார்ச்சாலை விளிம்பும்

கே: அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் சாலை விபத்துச் சாவுகளைக் குறைக்க ஒரு திட்டம் எழுதியே ஆக வேண்டுமாமே? விபத்து நடந்த இடத்தைப் போய்ச் சரிசெய்வதை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் ஆகுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதே!

ப: எழுதியே ஆக வேண்டும் என்பது சரி, 2005-ல் வந்த மத்தியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் 'விபத்து நடந்த இடத்தைச் சரிசெய்வது' இருக்கிறதே, அதில்தான் சிக்கல். ஊர்களுக்கு வெளியே போகும் ரோடுகளில் சாவு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதில்லை. இந்த வருஷம் ஒரு வளைவில் கார் பாதை விலகி மரத்தில் மோதும், அப்புறம் பத்து வருஷம் அங்கே ஒன்றுமே நடக்காது, அடுத்த சாவு நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு வளைவில் நடக்கும். ஆள் செத்த இடத்தையே தேடித் தேடிப் போனால் எப்போதும் ஒரு சாவு பிந்தித்தான் போய்ச் சேருவோம். மாநிலம் முழுவதற்குமான விபத்து அறிக்கைகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்: இடம் மாறுகிறது, இடத்தின் சாயல் மாறுவதில்லை. குறுகலான இருவழி ரோடு, சட்டென்று திரும்பும் வளைவு, ஒதுங்க இடமில்லாத ஓரம், இருட்டு. அப்படியானால் அந்தச் சாயலில் இருக்கிற எல்லா வளைவுகளையும், இன்னும் யாரும் சாகாத வளைவையும் சேர்த்தே, சரிசெய்ய வேண்டும். ஒரு ரோடு மாநிலத்துடையது, அடுத்தது கவுன்ட்டியுடையது (நம்மூர் மாவட்டம் மாதிரி), போலீஸ் தனி, ஆம்புலன்ஸ் தனி என்று இருக்கும்போது இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கத்தான் அந்த ஏடு.

மின்னசோட்டா மாநிலத்தைப் பாருங்கள். சாவே கூடாது என்ற இலக்கோடு 2003-ல் தொடங்கினார்கள், அந்த வருஷம் இறந்தவர்கள் 655 பேர். 87 கவுன்ட்டிகளுக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். 2014-ல் சாவு 361. எல்லாம் திட்டத்தின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். நடுவில், 2009-ல், சீட் பெல்ட் போடாததற்காகவே வண்டியை நிறுத்தலாம் என்று சட்டம் வந்தது, கார்களும் முன்னைவிட நன்றாக வந்தன. அதோடு 2021-ல் எண்ணிக்கை மறுபடி 480-ஐத் தாண்டிவிட்டது. கோவிட் காலத்தில் ரோடு காலியாகக் கிடந்தது, வேகம் ஏறியது.

கே: வளைவைச் 'சரிசெய்வது' என்றால் என்ன? ரோட்டையே பெயர்த்துப் புதிதாகப் போடுவதா?

ப: அதற்கு எந்த மாநிலத்திடமும் பணம் கிடையாது. பெரும்பாலும் சில்லறை வேலைதான். எனக்குப் பிடித்தது தார் விளிம்பு. ரோட்டின் மேல் ரோடு போட்டு ஓரத்தில் படிபோல ஒரு வெட்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். டயர் அதிலிருந்து இறங்கிவிட்டால் ஓட்டுகிறவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை உள்பக்கம் ஒடிப்பார், படியில் உரசிக்கொண்டே வரும் டயர் திடீரென்று மேலே ஏறும், ஒடித்த வேகத்திலேயே வண்டி எதிர்ப் பாதைக்குப் பாய்ந்துவிடும். தார் போடும்போதே அந்த விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சுமார் 30 டிகிரி சரிவாக அழுத்திவிட்டால் டயர் பேசாமல் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்! தார் போடும் இயந்திரத்தில் ஒரு தகட்டைக் கூடுதலாகப் பொருத்தினால் போதும்.

இன்னொன்று ரம்பிள் ஸ்ட்ரிப். ரோட்டின் ஓரக்கோட்டை ஒட்டித் தாரில் வரிசையாகச் செதுக்கிய பள்ளங்கள். கண் சொக்கி வண்டி ஓரமாகச் சாயும்போது டயர் அதில் ஏறி 'டர்ர்ர்' என்று சீட்டையே உலுக்கும். ரோட்டின் நடுக்கோட்டிலும் இதைச் செதுக்குகிறார்கள். ஊர்ப்புற இருவழி ரோடுகளில் நேருக்கு நேர் மோதிச் சாவும் காயமும் உண்டாகும் விபத்துகள் இதனால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பெரிய தொல்லை, அந்தப் புகாரும் நியாயம்தான்.

கே: தப்பு ஓட்டுகிறவர் மேல். அவரைத் திருத்தாமல் ரோட்டைத் திருத்துவானேன்?

ப: அவரையும் திருத்துங்கள், குடித்துவிட்டு ஓட்டுகிறவரைப் பிடிக்காமல் விடச் சொல்லவில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்துக்கு அபராதம் போட முடியுமா? மனிதன் தவறத்தான் செய்வான், அந்தத் தவறு உயிரைக் குடிக்காதபடி ரோடு இருக்க வேண்டும் என்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

கே: சாவே இல்லாத ரோடு நடக்கிற காரியமா?

ப: ஒரு மாநிலம் முழுக்க என்றால் இப்போதைக்குக் கஷ்டம். சில நகரங்கள் அந்த இலக்கை நெருங்கியிருக்கின்றன. நார்வேயின் ஆஸ்லோவில் 2019-ல் நடந்துபோனவரோ சைக்கிளில் போனவரோ ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த வருஷம் மொத்தமே ஒரு சாவுதான், வேலியில் காரை மோதிய ஓட்டுநர்.