கேம்பில் அப்பாவுக்கு என்ன வேலை?

அன்புள்ள அண்ணா,

உங்கள் மகனுடைய ஸ்கவுட் ட்ரூப்பில் (சாரணர் படையில்) நீங்கள் தன்னார்வலராக இருப்பதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. சின்னப் பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட்டை முடித்து ட்ரூப்பில் சேர்ந்திருக்கிறான். போன வாரம் முதல் கேம்ப், நானும் போனேன். பையன்களே சமைத்தார்கள். பாஸ்தா அடிப்பிடித்துவிட்டது, இரவு எட்டரைக்குத்தான் சாப்பாடு. டென்ட் கயிற்றைச் சரியாகக் கட்டாததால் மழையில் இவனுடைய ஸ்லீப்பிங் பேக் ஒரு பக்கம் நனைந்துவிட்டது. உதவப் போனால் ஸ்கவுட் மாஸ்டர், "அவனோட பேட்ரோல் லீடர் பார்த்துப்பான், நீங்க உட்காருங்க" என்கிறார். அந்த லீடருக்கே வயது பதிமூன்று! பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு நாங்கள் எதற்குப் போக வேண்டும்? ஊரில் என் பள்ளியில் சாரண ஆசிரியர்தான் விசில் ஊதி எல்லாவற்றையும் நடத்துவார்.

இப்போது என்னை உதவி ஸ்கவுட் மாஸ்டராக வரச் சொல்கிறார்கள். இந்த அமைப்பைப் பற்றி வந்த செய்திகளைப் படித்து மனைவி பயப்படுகிறாள். நாங்கள் சைவம் வேறு. ஈகிள் ஸ்கவுட் என்ற உச்ச நிலைக்கு வந்தால் கல்லூரி விண்ணப்பத்துக்கு நல்லது என்கிறார்களே, அதற்கு இப்போதே எப்படித் திட்டமிடுவது?

ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஸ்கவுட் மாஸ்டர் செய்தது சரி. அவர் நல்ல ஸ்கவுட் மாஸ்டர் என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் உதவி செய்ய எழுந்து வரும் அப்பாவை உட்கார வைப்பதுதான் அந்தப் பொறுப்பிலேயே கஷ்டமான வேலை.

பேட்ரோல் என்பது ஆறிலிருந்து எட்டுப் பையன்கள். அவர்களே ஒருவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன சமைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று வசூலித்துக் கடைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். இது புதிதாக வந்த ஏற்பாடு இல்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சோதனையாக நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு பேட்ரோல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தலைவனாக வைத்தார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பேட்ரோலில் இருந்தார்கள். நம் ஊர் சாரணர் படையிலும் இதே அணி முறைதான். ஆனால் அங்கே அது பள்ளியோடு ஒட்டியே வளர்ந்தது, ஆசிரியர் நடத்துகிறார், ஆகஸ்ட் 15 அணிவகுப்புதான் நம் கண்ணில் நிற்கிறது. (இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணர் படையில் இடம் இல்லாதிருந்த காலத்தில், 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்காகவே தனிச் சங்கம் தொடங்கினார். நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய கதை அது.)

அந்தப் பாஸ்தாவுக்கு வருகிறேன். எங்கள் ட்ரூப்பில் ஒரு பேட்ரோல் எண்ணெயும் உப்பும் வாங்க மறந்துவிட்டு வந்தது. பெரியவர்களின் பெட்டியில் இரண்டுமே இருந்தன. எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பையன்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக் கத்தினார்கள், அப்புறம் அவர்களில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து பக்கத்துப் பேட்ரோலுக்குப் போய்ப் பேரம் பேசினான்: எண்ணெயும் உப்பும் கொடுத்தால் இரவு உங்கள் பாத்திரத்தையும் நாங்களே கழுவுகிறோம். குளிரில் இரண்டு பேட்ரோல் பாத்திரங்களையும் தேய்த்தார்கள். அடுத்த மாதம் கடைக்குப் போனபோது அதே கூட்டம் தாளில் பட்டியல் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாங்கியது, யாரும் சொல்லாமலேயே. நாங்கள் அன்றைக்கு ஒரு பாட்டில் எண்ணெயை நீட்டியிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது, அந்தப் பையன் வாய் திறந்திருக்கவும் மாட்டான்.

பதிமூன்று வயதில் தலைவனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், முதல் சில மாதங்கள் மோசமாகத்தான் நடத்துவான். கத்துவான், நண்பர்களை விட்டுவிட்டு வேலையைச் சின்னப் பையன்கள் மேல் சுமத்துவான். அதை மாலையில் அவனிடம் தனியாகப் பேச வேண்டும் (தனியாக என்றால் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில், இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), பேட்ரோலின் முன்னால் அவனைத் திருத்தக் கூடாது. அவனும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறான். டென்ட் கயிற்றை இறுக்கும் முடிச்சை உங்கள் மகனுக்கு அவன் கற்றுத்தருவதற்கும் நீங்கள் கற்றுத்தருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நனைந்து தூங்கியவன் அவன், அது அவன் குரலிலேயே இருக்கும்.

அப்படியானால் பெரியவர்கள் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்கள்? இல்லை. காபி கையில் இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும். கோடாரி வைத்திருப்பவனைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, நெருப்புப் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா, யார் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, எந்தப் பையன் கூட்டத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான், எந்தக் கேலி எல்லை தாண்டுகிறது. கத்தியும் கோடாரியும் தொட அனுமதி அட்டை வேண்டும், நீச்சலுக்கு முன் சோதனை உண்டு, தண்ணீரில் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. இந்த விஷயங்களில் பெரியவர் உடனே குறுக்கே வரலாம், வர வேண்டும். மற்ற இடங்களில் அசௌகரியத்தையும் ஆபத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நனைந்த ஸ்லீப்பிங் பேக் ஜூலையில் அசௌகரியம், நவம்பரில் ஆபத்து. அப்போதும் நேராக ஓடிப்போய் உங்கள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்காமல், சீனியர் பேட்ரோல் லீடரை (எல்லாப் பேட்ரோல்களுக்கும் தலைவனாக இருக்கும் பையனை) கூப்பிட்டு "இன்னைக்கு ராத்திரி அவன் எதுல தூங்கப்போறான்?" என்று கேளுங்கள். ஒரு கேள்வி போதும், அந்தப் பையன் ட்ரூப் வண்டியில் கூடுதல் போர்வை இருப்பதை ஞாபகப்படுத்திக்கொள்வான். பதில் வரவில்லை என்றால்தான் நீங்கள் எழுந்திருக்க வேண்டும்.

கப் ஸ்கவுட்டில் நீங்கள் அவன் பக்கத்திலேயே இருந்தீர்கள், அது அந்த வயதுக்குச் சரி. இங்கே அவன் "அப்பா" என்று வந்து நின்றால் "உன் பேட்ரோல் லீடரைக் கேட்டியா?" என்று திருப்பி அனுப்புங்கள். நம் குடும்பங்களில் இது கூடுதல் கஷ்டம். பையன் பையை நாம் தூக்குவோம், பெட்டியை நாம் அடுக்குவோம், பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட நாமே டாக்டரிடம் பேசுவோம். பாசம்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அடுத்தவர் பிள்ளையிடம் நாம் இயல்பாகவே பொறுமையாக இருக்கிறோம். அதனால் கேம்பில் மற்றப் பையன்களைக் கவனியுங்கள், உங்கள் மகனை இன்னொரு அப்பா கவனிப்பார்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு யாராவது பேசினால் நம்பாதீர்கள். பழைய பாலியல் கொடுமைகளுக்காக 82,000க்கு மேல் பேர் புகார் கொடுத்தார்கள், 2020இல் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பு திவால் மனு போட்டது, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி 246 கோடி டாலர். (2025இல் பெயரை ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாற்றிக்கொண்டார்கள்.) இப்போது உள்ள விதிகளை நீங்கள் இருவரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் பதிவு செய்த, 21 வயது கடந்த பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர். எந்தப் பெரியவரும் எந்தப் பையனோடும் தனியாக இருக்கக் கூடாது. ட்ரூப் கேம்பில் பெரியவர் டென்ட் வேறு, பையன்கள் டென்ட் வேறு. மெசேஜ் அனுப்பினால்கூட இன்னொரு பெரியவரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். முதல் தகுதியான ஸ்கவுட் நிலைக்கே, பையனும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பாதுகாப்புக் கையேட்டைப் படித்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதை அவசரமாகக் கையெழுத்துப் போட்டு முடிக்காதீர்கள். உங்கள் ட்ரூப் இந்த விதியில் ஒன்றைத் தளர்த்தினாலும் கேளுங்கள், சிரித்து மழுப்பினால் வேறு ட்ரூப் பாருங்கள்.

சைவம் பெரிய விஷயமே இல்லை. ஆனால் மெனு போடும் கூட்டத்தில் அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் லீடருக்கு ஈமெயில் அனுப்பக் கூடாது, வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக் கொடுக்கவும் கூடாது. பேக்கன் வறுத்த வாணலி வேண்டாம், தனி வாணலி வேண்டும் என்று பதினொரு வயதுப் பையன் ஏழு பேருக்கு நடுவில் சொல்லிப் பழகுவது அவனுக்கு வாழ்நாள் முழுக்க உதவும். பீன்ஸ் சில்லி, சீஸ் வைத்த குவெசடியா, பான்கேக் என்று அந்தப் பையன்களுக்கும் பிடித்த சைவம் நிறைய இருக்கிறது. எங்கள் ட்ரூப்பில் இப்போது தக்காளி சாதம் மற்றப் பையன்கள் கேட்டு மெனுவில் சேர்ப்பது.

கடைசியாக ஈகிள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். 21 மெரிட் பேட்ஜ் (ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று), பொறுப்பு வகித்த மாதங்கள், மற்றவர்களை வைத்து நடத்திக் காட்ட வேண்டிய ஒரு சேவைத் திட்டம், எல்லாம் 18 வயதுக்குள். எக்செல் ஷீட் போட்டு அப்பா ஓட்டினால் பதினாலு வயதில்கூட முடித்துவிடலாம், முடித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அதற்கப்புறம் ட்ரூப் பக்கம் வருவதில்லை. சின்னப் பையன்களுக்குக் கற்றுத்தர வேண்டிய வருடங்கள் அவர்களுக்குக் கிடைக்காமலே போகின்றன, என் கணக்கில் அந்த வருடங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. பேட்ஜுக்கு ஆலோசகரை அவன் அழைக்கட்டும். திட்டத்துக்கு ஒரு கோயிலையோ தமிழ்ப் பள்ளியையோ பூங்காவையோ அவன் போய்க் கேட்கட்டும். ஈகிள் ஆகாமல் பதினேழு வயதுவரை ட்ரூப்பில் இருந்த பையன்கள் எங்களிடம் உண்டு, அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உதவி ஸ்கவுட் மாஸ்டர் பொறுப்பைக் கட்டாயம் ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னணிச் சோதனைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனில் முடிக்க வேண்டும். அதோடு பெரியவர்களுக்கான வெளிப்புறத் திறன் பயிற்சி ஒரு வாரக்கடைசி நடக்கும். அதில் உங்களையே ஒரு பேட்ரோலில் போடுவார்கள், முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து சமைக்க வேண்டும், டென்ட் அடிக்க வேண்டும், முடிச்சுப் போட வேண்டும். இலையுதிர் காலத்துக் கேம்புக்கு முன்னால் அதற்குப் போய்விட்டு வாருங்கள். உங்கள் பகுதி ஸ்கவுட் கவுன்சிலின் இணையதளத்தில் தேதி இருக்கும்.