வாக்காளர் அட்டை தொலைந்தால் ஓட்டும் தொலையுமா?

கேள்வி: கூடலூர் அருகே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மா, எஸ்டேட் தந்த லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோத்தகிரியில் எங்களோடு இருக்கிறார். வீடு மாறியதில் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது. பட்டியலில் அவர் பெயர் செல்லம்மா; ஆதாரில் செல்லம்மாள். ரேஷன் கார்டைக் காட்டி ஓட்டுப் போடலாமா? அட்டை கேட்பதே ஏழைகளை ஒதுக்கும் வேலை இல்லையா?

பதில்: ரேஷன் கார்டு செல்லாது. அதில் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் படம் மட்டுமே இருக்கிறது. ஆனால் ஆதார் போதும். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களைத் தேர்தல் ஆணையம் ஏற்றது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், படம் உள்ள ஓய்வூதிய ஆவணம் எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் நம்பிப் போக வேண்டாம். 2019 முதல் அது தனித்து அடையாளமாகாது. கைப்பேசியில் இருக்கும் படமும் உதவாது. வாக்குச்சாவடிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை.

பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதற்காகப் பயப்படாதீர்கள். ஆள் அவர்தான் என்று தெரிந்தால், அட்டையில் உள்ள சிறு பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதே ஆணையம் அலுவலர்களுக்குத் தரும் அறிவுரை. முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி ஏஜெண்ட் யாராவது "இவர் அவரில்லை" என்றால், 2 ரூபாய் கட்டித்தான் ஆட்சேபிக்க வேண்டும். தலைமை அலுவலர் விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகவில்லை என்றால் அம்மா ஓட்டுப் போடலாம்.

எனக்குக் கவலை அட்டையைப் பற்றியது அல்ல, பட்டியலைப் பற்றியது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் 12 ஆவணங்களையும் கையில் வைத்திருந்தாலும் ஓட்டு இல்லை. அம்மாவின் பெயர் இன்னும் கூடலூர் தொகுதியில், பூட்டிக் கிடக்கும் லயன் முகவரியில் இருக்கலாம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் நீக்கப்பட்டும் இருக்கலாம். 1950 என்ற தேர்தல் உதவி எண்ணில் இன்றே கேளுங்கள். பெயர் இருந்தால் படிவம் 8 கொடுத்து, கோத்தகிரி அடங்கிய குன்னூர் தொகுதிக்கு மாற்றுங்கள். புதிய முகவரியோடு அட்டை வரும். நீக்கியிருந்தால் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 2005இல் படத்துடன் கூடிய அடையாளத்தைக் கட்டாயமாக்கியபோது, ஏழைகளும் முதியவர்களும் விடுபடுவார்கள் என்று வழக்கு போட்டார்கள். 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. இங்கிலாந்து முழுவதும் படத்துடன் அடையாளம் முதலில் கேட்டது 2023 மே உள்ளாட்சித் தேர்தலில்தான். அந்த விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. நம் நாட்டில் 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில் இது தொடங்கியபோது, அட்டை கொடுப்பது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பாகவே இருந்தது. அந்த வித்தியாசம் பெரியது. கள்ள ஓட்டைத் தடுக்க முகம் பார்ப்பது நியாயம்தான். ஏற்கும் ஆவணங்கள் ஏழை வீட்டிலும் இருப்பவையாக இருந்தால் அது யாரையும் ஒதுக்காது.

ஒதுக்கல் நடப்பது வேறு இடத்தில். ஓய்வு பெற்றதும் லயன் வீட்டைக் காலி செய்தாக வேண்டிய தொழிலாளி, அதோடு முகவரியையும் இழக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலைப்பாதையில் பஸ் பிடித்துத் தாலுகா அலுவலகம் போய் அவரே அதைச் சரிசெய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எஸ்டேட்டில் ஓய்வு பெறுவோர் பட்டியலை நிர்வாகத்திடம் வாங்கி, வாக்குச்சாவடி நிலை அலுவலரே படிவம் 8 உடன் லயனுக்குப் போக வேண்டும்.

நீங்கள் எஸ்டேட்டில் வேலை செய்பவராக இருந்தால் ஒன்று சொல்லவேண்டும்: வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.