பேஸ்புக் காட்டாததை வாசிப்பது எப்படி?

பிடித்த தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் காட்டும் செய்தியோடைச் (ஆர்எஸ்எஸ்) செயலிகள் பற்றிக் கேட்கலாம் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

ஏறாவூர் டீச்சர்: எனக்குப் பிடித்த தளங்களின் பேஸ்புக் பக்கங்களை லைக் பண்ணித்தான் வைத்திருக்கிறேன். பிறகு இது எதற்கு?

டீச்சர், அந்தப் பக்கங்களில் எது உங்கள் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானிப்பது பேஸ்புக். செய்தியோடையில் அப்படி நடுவில் யாரும் இல்லை. தளத்தில் புதிதாக ஏதும் வந்தால் அதன் தலைப்பும் திகதியும் சுருக்கமும் ஒரு சின்னக் கோப்பில் ஏறும். உங்கள் செயலி அந்தக் கோப்பை அடிக்கடி எட்டிப் பார்த்து, புதியதை நேர வரிசையில் அடுக்கும். 1999இல் வந்த ஏற்பாடு இது. பொட்காஸ்ட்டுகள் இன்றும் இதை வைத்துத்தான் ஓடுகின்றன.

காத்தான்குடி நானா: முன்பு செம்மஞ்சளில் ஓர் அடையாளம் இருக்குமே, இப்போது காணோம். நிறுத்திவிட்டார்களா?

அடையாளம்தான் போனது நானா, ஓடை பல தளங்களில் அப்படியே இருக்கிறது. தளத்தின் முகவரியைச் செயலியில் ஒட்டுங்கள், பெரும்பாலும் அதுவே தேடிப் பிடிக்கும். பிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளமென்றால், முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் (/feed) எழுதித் தட்டுங்கள். திரை முழுக்க அடைப்புக்குறியும் புரியாத எழுத்துமாக வந்தால் போன் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், நீங்கள் தேடியது அதுதான். அந்த முகவரியைச் செயலியில் போட்டால் சரி. யூடியூப் சனல்களுக்கும் ஓடை உண்டு.

அக்கரைப்பற்றுத் தம்பி: டேட்டா கரையுமா?

எழுத்துக்குப் பெரிதாகக் கரையாது, படங்கள்தான் தின்னும். அன்ட்ராய்டில் ஃபீடர் என்ற இலவசச் செயலி இருக்கிறது, கணக்குத் திறக்கத் தேவையில்லை. வைஃபையில் மட்டும் புதுப்பிக்கச் சொல்லி வைக்கலாம். ஆனால் ஒரு விஷயம்: வேர்ட்பிரஸ் ஓடையில் வழக்கமாகக் கடைசி 10 பதிவுகள்தான் இருக்கும். ஒரு நாளில் முப்பது செய்தி போடும் தளத்தை இரவில் மட்டும் புதுப்பித்தால் காலையில் வந்தவை உங்களுக்குக் கிடைக்காது.

களுவாஞ்சிகுடி அக்கா: வாசிக்காதவை 400 என்று காட்டுகிறது. பார்க்கவே களைப்பாக இருக்கிறது.

நானும் முதல் வாரத்தில் ஆசைப்பட்டு எண்பது தளங்களைச் சேர்த்தேன். செயலியைத் திறந்தால் கடைக்காரரின் கடன் கொப்பியைப் பார்ப்பது போலிருக்கும். இப்போது என்னிடம் இருப்பது பத்தொன்பது. நாள் முழுக்கச் செய்தி கொட்டும் தளங்களை முதலில் கழற்றுங்கள் அக்கா, அவை எப்படியும் வட்ஸ்அப்பில் வந்துவிடும். மாதம் ஒரு தடவை எழுதுகிறவர்களை வைத்துக்கொள்ளுங்கள், மறந்துபோவது அவர்களைத்தான். மிச்சமிருக்கும் 400ஐயும் வாசித்ததாகக் குறித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

கல்லடி வாசகர்: கூகிள் தன் செய்தியோடைச் சேவையான கூகிள் ரீடரை 2013 ஜூலை 1இல் மூடியது போல, இப்போது பாவிக்கும் செயலியையும் மூடினால்?

ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக உங்கள் தளப் பட்டியலை இறக்கி வையுங்கள். வேறு செயலியில் ஏற்றினால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

திருக்கோவில் தங்கச்சி: வேலை விளம்பரத்துக்கு அரசாங்க வர்த்தமானி பார்க்கிறேன். ஓடை இல்லாத தளத்துக்கு என்ன செய்வது?

ஃபீடர் போன்ற செயலியால் ஒன்றும் செய்ய முடியாது. வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், போனில் அலாரம் வையுங்கள்.