‘இல் ஃபோ கெ’ (‘...வேண்டும்’) வந்தால் அடுத்து என்ன? சுப்ஜோங்க்டிஃப் கேள்வி பதில்

பிரெஞ்சில் பி1, அதாவது இடைநிலை, வரை வந்தவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் சுப்ஜோங்க்டிஃப். நடந்ததைச் சொல்லாமல், நடக்கவேண்டியதை, விரும்புவதை, பயப்படுவதைச் சொல்லும்போது வினை எடுக்கும் வடிவம் அது. நிகழ்காலம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்கிறேன்.

மேம், ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம் இருக்கு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா? (கல்லூரி மாணவி, புதுச்சேரி)

வேண்டாம். ‘அவர்கள்’ என்பதற்கான நிகழ்கால வடிவத்தை எடுங்கள். ‘ஃபினீர்’, அதாவது முடிப்பது என்றால், ‘இல் ஃபினிஸ்’. எழுத்தில் அதன் கடைசியில் நிற்கும் ஈ-என்-டி-யை வெட்டுங்கள். மிஞ்சுவதுதான் அடி. அதோடு ‘ஜெ’வுக்கு (நான்) ஈ, ‘தூ’வுக்கு (நீ) ஈ-எஸ், ஒருமை ‘இல்’லுக்கு (அவன்) ஈ, பன்மை ‘இல்’லுக்குத் (அவர்கள்) திரும்பவும் ஈ-என்-டி. தாளில்தான் இவை வேறு வேறு. வாயில் நான்கும் ஒரே ‘ஃபினிஸ்’. ‘நூ’வுக்கு (நாங்கள்) ‘ஃபினிஸ்யோன்’, ‘வூ’வுக்கு (நீங்கள்) ‘ஃபினிஸ்யே’. ஆக, காதுக்கு மூன்றே வடிவம். அட்டவணையை முறைத்துப் பார்ப்பதைவிட வாய்விட்டுச் சொல்வது ஏன் சீக்கிரம் பதிகிறது என்று இப்போது புரியும்.

‘ப்ராந்த்ர்’ (எடுப்பது), ‘வெனீர்’ (வருவது), ‘புவார்’ (குடிப்பது) போன்றவற்றுக்கு இரண்டு அடி. ‘கெ ஜெ ப்ரென்’, ஆனால் ‘கெ நூ ப்ரென்யோன்’. பயப்படாதீர்கள், ‘நூ’வும் ‘வூ’வும் நீங்கள் ஏற்கெனவே படித்த ஏன்பார்ஃபே (தொடர் இறந்தகால) வடிவங்களேதான். ‘பார்லே’ (பேசுவது) வகை வினைகளில் ‘ஜெ பார்ல்’ எங்கும் ‘ஜெ பார்ல்’தான், தெரியாமலேயே சுப்ஜோங்க்டிஃப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

விதிக்கு அடங்காதவை எவை?

தினசரிப் பேச்சுக்கு ஏழு போதும். ‘எத்ர்’ (இருப்பது) என்பது ‘சுவா’ ஆகும், ‘அவ்வார்’ (வைத்திருப்பது) ‘எ’ ஆகும். ‘அலே’ (போவது) ‘ஆய்’, ‘ஃபேர்’ (செய்வது) ‘ஃபாஸ்’, ‘சவ்வார்’ (அறிவது) ‘ஸாஷ்’, ‘பூவ்வார்’ (முடிவது, இயல்வது) ‘ப்விஸ்’, ‘வூல்வார்’ (விரும்புவது) ‘வெய்’. இவற்றில் ‘அலே’, ‘வூல்வார்’ இரண்டும் நூ-வூ-வில் பழைய அடிக்கே திரும்பிவிடும்: ‘அல்யோன்’, ‘வூல்யோன்’.

விடைத்தாளில் மதிப்பெண்ணைத் தின்பது எழுத்துக்கூட்டல். ‘நூ சுவாயோன்’, ‘நூ எயோன்’ என்று எழுதும்போது ஒய்-க்குப் பிறகு ஐ வராது. ‘க்ருவார்’ (நம்புவது), ‘வுவார்’ (பார்ப்பது) வினைகளில் அதே இடத்தில் ஒய்-க்குப் பிறகு ஐ கட்டாயம் வரும். ‘எத்யூதியே’, அதாவது படிப்பது, ‘நூ’வில் அடுத்தடுத்து இரண்டு ஐ எடுக்கும். பார்க்க அச்சுப்பிழை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் சரி: ஒரு ஐ அடியினுடையது, மற்றது விகுதியினுடையது.

அக்கா, பிரெஃபெக்சூரில (மாவட்ட அரச அலுவலகம்) இருந்து வாற கடிதமெல்லாம் ‘வெய்யே’ எண்டு எழுதியிருக்கு. எங்கட டீச்சர் ‘கெ வூ வூல்யே’ எண்டு சொல்லித் தந்தவ. எது சரி? (பாரிஸிலிருந்து)

இரண்டும் சரி, இடம்தான் வேறு. கடிதத்தில் இருப்பது ஏவல். ‘தயவுசெய்து’ என்று பணிவாகக் கேட்பதற்காக அந்த அடியில் உருவானது. டீச்சர் சொன்னது சுப்ஜோங்க்டிஃப். ‘சவ்வார்’ வினையும் இப்படித்தான்: ஏவலில் ‘ஸாஷே’, சுப்ஜோங்க்டிஃப்பில் ‘ஸாஷ்யே’. ‘எத்ர்’, ‘அவ்வார்’ இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ‘சுவாயே’, ‘எயே’ இரு வேலையும் பார்க்கும்.

‘நான் போக விரும்புகிறேன்’ என்பதற்கு ‘ஜெ வெ கெ ஜெ...’ என்று தொடங்கினேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். விரும்புபவரும் போகிறவரும் ஒருவரே என்றால் ‘கெ’ வராது. ‘ஜெ வெ பார்த்தீர்’. ஆள் மாறினால்தான் ‘ஜெ வெ கெ தூ பார்த்’. தமிழிலும் ‘எனக்குப் போக ஆசை’, ‘நீ போகணும்னு எனக்கு ஆசை’ என்று பிரித்துத்தானே பேசுகிறோம்? அந்த உணர்வை அப்படியே கொண்டுபோங்கள்.

‘எஸ்பெரே’வுக்கு (நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது) சுப்ஜோங்க்டிஃப் உண்டா?

கிடையாது. ‘ஜெஸ்பேர் கெ தூ வியேன்த்ரா’, எதிர்காலம் போதும். ‘சுவெத்தே’வுக்கு (விரும்புவது) உண்டு: ‘ஜெ சுவெத் கெ தூ வியென்’. பொருள் கிட்டத்தட்ட ஒன்று, நடத்தை வேறு. காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் இரண்டு வாக்கியத்தையும் ஜோடியாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

‘அவான் கெ’வுக்கு உண்டு, ‘அப்ரே கெ’வுக்கு இல்லை என்று படித்தேன். என் பிரெஞ்சு மேனேஜர் இரண்டுக்கும் போடுகிறாரே!

போடுவார். பிரெஞ்சுக்காரர்களே நிறையப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். ‘அவான் கெ’வைப் பார்த்து ‘அப்ரே கெ’வும் கெட்டுப்போனது. இலக்கண நூல்களின் நியாயம் தெளிவு: ‘முன்பு’ என்றால் காரியம் இன்னும் நடக்கவில்லை, ‘பிறகு’ என்றால் நடந்து முடிந்துவிட்டது. நடந்ததற்கு எதற்குச் சுப்ஜோங்க்டிஃப்? அலுவலகத்தில் அவரைத் திருத்தப் போகாதீர்கள். தேர்வில் மட்டும் ‘அப்ரே கில் எ பார்த்தி’ என்றே எழுதுங்கள்.

நினைப்பதற்கு?

‘ஜெ பான்ஸ் கெ’ (...என்று நினைக்கிறேன்) என்றால் வேண்டாம். ‘ஜெ ந பான்ஸ் பா கெ’ என்று மறுத்தால் போடுங்கள். பேச்சில் பலர் விட்டுவிடுகிறார்கள், எழுத்தில் விடாதீர்கள்.

அக்கா, நசனலித்தேக்கு (பிரெஞ்சுக் குடியுரிமை) 2026 ஜனவரியில இருந்து பி2 கேக்கினம். டெல்ஃப் (பிரெஞ்சு மொழித் தேர்வு) எழுத்துக்கு இது எவ்வளவு வேணும்?

பி2 எழுத்துத் தேர்வில் குறைந்தது 250 சொற்களில் கருத்தை வாதாடி எழுதவேண்டும், பெரும்பாலும் முறைப்படியான கடிதமாக. அதில் இரண்டு மூன்று இடத்தில் சரியாக வந்தாலே கண்ணில் படும். ‘பியேன் கெ’ (...என்றாலும்), ‘பூர் கெ’ (...வதற்காக), ‘இல் எ ஏன்தீஸ்பான்ஸாப்ல் கெ’ (...வது இன்றியமையாதது) மூன்றையும் கைவசம் வையுங்கள். ஐம்பது இணைப்புச்சொல் பட்டியலெல்லாம் தேவையில்லை. ஏன்பார்ஃபே டு சுப்ஜோங்க்டிஃப், அதாவது அதன் இறந்தகால வடிவம் ஒன்று, பழைய நாவல் படிக்கிறவர்களுக்கு. அதைத் தொடவே வேண்டாம்.

எதிர்காலத்துக்குத் தனி வடிவம் உண்டா?

இல்லை. நாளைக்கும் இதே நிகழ்கால வடிவம்தான்: ‘இல் ஃபோ கெ தூ வியென் தமேன்’ (நீ நாளைக்கு வரவேண்டும்).