டாக்டருக்குப் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போவது வீண்தானே?

மகள் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு நோயாளிகளைப் பார்க்காமல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், படிப்பு வீணாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் சாண்ட்ரா ஈட்ஸ்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கரைச் சேர்ந்த நூங்கார் பழங்குடிப் பெண். 1990இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, பொது மருத்துவராக வேலை பார்த்தவர். காதில் சீழ் வடியும் குழந்தைக்கு மருந்து எழுதிக் கொடுக்கலாம், சரி. அதே குழந்தை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தை வீட்டில்தானே போய்த் தேட வேண்டும்? பெர்த்தில் பழங்குடித் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்த ‘பிபுலுங் நார்னீப்’ ஆய்வில் அவர் செய்தது அதைத்தான்.

அந்த ஆய்வின் கேள்விகள் பார்க்கச் சாதாரணமானவை. பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறீர்கள், தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் நோட்டும் கையுமாக வந்து இப்படிக் கேட்டால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்குடிக் குழந்தைகளுக்குப் பெற்றவர்கள் இருந்தாலும் அரசு அதிகாரிதான் சட்டபூர்வ பாதுகாவலராக இருந்தார்; பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டும் போனார்கள். அப்படிப் பிடுங்கிக்கொண்டு போகப்பட்ட தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்த ஆய்வில் தாய்மார்களாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள். வெளியாள் கேட்டால் ஒன்று பொய் வரும், இல்லை கதவே திறக்காது. தங்களில் ஒருத்தியே முன்னால் நின்று நடத்தும்போதுதான் வாய் திறக்கும் என்பது என் கருத்து.

2003இல் அவர் முனைவர் பட்டம் வாங்கினார். ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த மருத்துவர்களில் அதுதான் முதல் பிஎச்டி (2003 வரை ஒருவர்கூட இல்லை என்பதை ஜீரணிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது). 2020இல் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு டீன் ஆனார்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்றால், அதே துறையில் பிரிஸ்பேனில் நடந்ததைப் பாருங்கள். கர்ப்ப காலம் முழுக்கத் தாய்க்குத் தெரிந்த ஒரே மருத்துவச்சி, கூடவே பழங்குடிக் குடும்ப உதவிப் பணியாளர்கள் என்று சேவையையே மாற்றி அமைத்தார்கள். குறைமாதப் பிரசவ வாய்ப்பு 38 விழுக்காடு குறைந்திருந்ததாக 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் இவெட் ரோ என்ற பழங்குடிப் பெண்ணும் ஒருவர்.

அதனால் மகளைத் தடுக்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிப் பாருங்கள்: முதலில் கொஞ்ச காலம் ஓபியில் உட்காரட்டும். எதை ஆராய வேண்டும் என்பது அங்கே வரும் நோயாளிகளைப் பார்த்தே பிடிபட்டுவிடும்.